வரப்புக்கு இருபுறமும் வாழும் துரு: கம்பும் கத்தரியும்

துரு நோயை உண்டாக்கும் பூசணங்கள் உயிருள்ள செடியின் திசுவில் மட்டுமே வளரக்கூடியவை. செடி பட்டுப்போனால் அதை உண்டு வாழ்ந்த பூசணமும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். உலகில் இதுவரை 7,000-க்கும் மேற்பட்ட துருப் பூசண இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல, தம் வாழ்க்கைச் சுற்றை முடித்துக்கொள்வதற்கு ஒன்றுக்கொன்று எந்தத் தாவர உறவும் இல்லாத இரண்டு செடிகளை நாடுகின்றன. குளிர்நாடுகளில் ஜூனிபர் என்னும் ஊசியிலை மரத்திலும் ஆப்பிள், பேரி முதலிய பழமரங்களிலும் மாறிமாறி வாழும் துருக்கள் இதற்குப் பாடநூல்கள் எல்லாம் எடுத்துக்காட்டும் சான்று. ஜூனிபரும் ஆப்பிளும் விளையாத கடலூர் மாவட்டத்தில் இதே வாழ்க்கைமுறையை நேரில் பார்ப்பதற்குக் கம்பங்கொல்லையும் அதையொட்டிய கத்தரித் தோட்டமும் போதும். கம்பின் துரு கத்தரிக்குச் சென்று, அங்கே வேறு உருவம் எடுத்து, மீண்டும் கம்புக்குத் திரும்புகிறது. திருப்பாதிரிப்புலியூரை நடுவாகக் கொண்டு சுற்றுவட்டாரக் கொல்லைகளில் பயிர்நோய்க் களப்பணி செய்துவந்த இக்கட்டுரையாளரின் தொழில் அனுபவம் பெரும்பாலும் இந்த இரு பயிர்களுக்கும் இடையிலுள்ள வரப்பைச் சார்ந்தே அமைந்தது.

இரு செடிகளில் வாழும் துருவை விளங்கிக்கொள்ள, அது அடுத்தடுத்து எடுக்கும் வித்துத்துகள் வடிவங்களை முதலில் அறிய வேண்டும். விதை போலப் பரவுவதற்குப் பூசணம் உண்டாக்கும் நுண்ணிய துகளே வித்துத்துகள் எனப்படுகிறது. முழுமையான சுற்றுடைய துரு இத்தகைய துகள்களை ஐந்து வகையாக உண்டாக்குகிறது. இலையில் செம்பழுப்புப் பொடியாகக் கொட்டும் யுரிடோ துகள்கள், தாம் தோன்றிய அதே வகைப் பயிரை மீண்டும் தாக்கி நோயைப் பெருக்குகின்றன. பயிர் முதிரும்போது கருமை நிறத்தில் தோன்றும் தடித்த சுவருடைய டீலியோ துகள்கள் பயிரை நேரடியாகத் தாக்குவதில்லை. அவை ஈரத்தில் முளைத்து, மெல்லிய சுவரும் குறுகிய ஆயுளும் கொண்ட பெசிடியோ துகள்களை உண்டாக்குகின்றன. இந்தப் பெசிடியோ துகள்கள்தாம் இரண்டாவது செடியைத் தாக்கி, அதன் இலையின் மேற்பக்கத்தில் பிக்னியம் என்னும் நுண்குடுவைகளையும் அடிப்பக்கத்தில் ஏசியம் என்னும் கிண்ணங்களையும் தோற்றுவிக்கின்றன. பிக்னியத்தில் ஒரு வகைத் துகளும் ஏசியத்தில் இன்னொரு வகைத் துகளும் உண்டாகின்றன. ஏசியத்தில் உண்டாகும் துகள்கள் முதல் செடிக்குத் திரும்பினால் சுற்று நிறைவுறுகிறது. டீலியோ துகள்கள் தோன்றும் செடியை முதன்மை ஓம்புயிர் என்றும், மற்றதை மாற்று ஓம்புயிர் என்றும் பயிர்நோயியலார் குறிப்பிடுவர்.

கோதுமைத் தண்டுத் துரு பார்பெரி என்னும் முட்புதரில் தன் மறுபாதி வாழ்க்கையை நடத்துகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி 1865-இல் செயற்கைத் தொற்று மூலம் மெய்ப்பித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட், ஜூனிபரில் காணப்படும் துருவும் பேரி இலையில் காணப்படும் துருவும் ஒன்றே என்று காட்டினார். அமெரிக்காவில் செஞ்சீடர் என்று அழைக்கப்படும் ஜூனிபர் வகையில் இத்தகைய துரு ஒன்று பழுப்பு முடிச்சுகளை உண்டாக்குகிறது. வசந்தகால மழையில் அந்த முடிச்சுகளிலிருந்து செம்மஞ்சள் நிறக் கூழ்போன்ற கொம்புகள் நீண்டு, அவற்றிலிருந்து புறப்படும் துகள்கள் காற்றில் சென்று ஆப்பிள் இலையிலும் காயிலும் விழுகின்றன. ஆப்பிளில் உண்டாகும் துகள் ஆப்பிளைத் தாக்காது, ஜூனிபருக்கே திரும்ப வேண்டும். ஜூனிபரில் உண்டாகும் துகளும் ஜூனிபரைத் தாக்காது. அதே செடியைத் திரும்பத் திரும்பத் தாக்கும் யுரிடோ நிலை இந்தத் துருவுக்கு இல்லாமையே இதற்குக் காரணம். ஆகவே இரண்டு மரங்களில் ஒன்றை அப்புறப்படுத்தினால் அந்த வட்டாரத்தில் நோய் அற்றுப்போகும் என்ற தர்க்கம் அங்கே செல்லுபடியாகிறது. அந்தத் தர்க்கத்தின் அடிப்படையில் வர்ஜீனியா மாநிலம் 1914-இல் சட்டம் இயற்றி, ஆப்பிள் தோட்டங்களுக்கு அருகிலிருந்த செஞ்சீடர் மரங்களை உரிமையாளர் விரும்பாவிட்டாலும் வெட்டுவதற்கு அதிகாரம் அளித்தது. மரங்களை வெட்டுமாறு இடப்பட்ட ஆணையை எதிர்த்து எழுந்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மில்லர் எதிர் ஷோன் என்று அறியப்படும் அவ்வழக்கில், இரண்டில் ஒன்று அழிந்தே தீர வேண்டிய நிலையில் எதைக் காப்பது என்று தெரிவு செய்யும் உரிமை அரசுக்கு உண்டு என 1928-இல் தீர்ப்பு வழங்கப்பட்டது.

இந்தியாவிலும் இத்தகைய இரட்டை வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் உண்டு. சிம்லாவில் மருத்துவ அதிகாரியாயிருந்த ஆர்தர் பார்க்ளே, இமயமலைச் சைப்ரஸ் மரத்திலும் காட்டுப் பேரியிலும் மாறிமாறி வாழும் துரு ஒன்றை 1890-இல் விவரித்தார்; அது மேற்சொன்ன ஜூனிபர்த் துருவின் பேரினமாகிய ஜிம்னோஸ்போராஞ்சியத்தைச் சேர்ந்ததே. எனினும் மாற்று ஓம்புயிரை ஒழித்தால் நோய் ஒழியும் என்ற கருத்தை இந்திய மண்ணில் வைத்துச் சோதித்து, அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று நிலைநாட்டிய பெருமை ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தாவுக்கு உரியது. சமவெளியின் கோடையில் கோதுமைத் துருவின் யுரிடோ துகள்கள் வெப்பத்தால் மடிந்துவிடுகின்றன என்பதையும், இமயமலையிலும் தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் குளிர்ந்த வானிலையில் அவை பிழைத்திருந்து அடுத்த பருவத்தில் சமவெளிக்கு வருகின்றன என்பதையும், பார்பெரிப் புதருக்கு இதில் பங்கில்லை என்பதையும் அவர் பல்லாண்டு உழைத்துக் காட்டினார். நீலகிரியில் பார்பெரி இனம் காடுகளில் தானாக வளர்ந்து நிற்கிறது. ஆனால் இந்தியாவின் கோதுமைத் துருவுக்கு அதை வெட்டிப் பயனில்லை. களப்பணியாளர் ஒவ்வொருவரும் தம் தொழிலின் தொடக்கத்திலேயே மேத்தாவின் இந்த முடிவைக் கற்றுக்கொள்வது நல்லது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

கம்பு, கத்தரி இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு தமிழ்நாட்டிலேயே நிறுவப்பட்டது. கோயம்புத்தூரில் பணியாற்றிய டி. எஸ். இராமகிருஷ்ணனும் சி. கே. சௌமினியும், கம்புத் துருவின் மாற்று ஓம்புயிர் கத்தரியே என்ற தம் ஆய்வை 1948-இல் வெளியிட்டனர். இந்தியப் பயிர்நோயியல் சங்கம் 1947-இல் தொடங்கப்பட்டு, அதன் ஆய்விதழின் முதல் தொகுதி வெளிவந்தபோது அதில் இடம்பெற்ற கட்டுரைகளுள் இதுவும் ஒன்று. இராமகிருஷ்ணன் பின்னாளில் சிறுதானிய நோய்களைப் பற்றி எழுதி 1963-இல் வெளிவந்த நூல், இத்துறையில் இருப்போர் இன்றும் எடுத்துப் புரட்டும் நூலாக இருக்கிறது. அக்காலத்தில் பக்சீனியா பென்னிசெட்டி என்று அழைக்கப்பட்ட இந்தப் பூசணத்தை, 1965-இல் இராமாச்சாரும் கம்மின்ஸும் மறு ஆய்வு செய்து, பக்சீனியா சப்ஸ்ட்ரயேட்டா என்னும் இனத்தின் இண்டிகா என்ற வகையாக வகைப்படுத்தினர்.

கம்பில் இந்நோய் பெரும்பாலும் அடி இலைகளில் தொடங்குகிறது. இலைப்பரப்பில் நீள்வட்டமாகச் சிறு கொப்புளங்கள் எழும்பி, மேல்தோல் கிழிந்து, செங்கல் பொடியைப் போன்ற செம்பழுப்புத் தூள் வெளிப்படுகிறது. கொல்லைக்குள் நடந்துவருபவரின் வேட்டியிலும் முழங்கையிலும் அது ஒட்டிக்கொள்வதால், பலர் நோயை இலையில் காண்பதற்கு முன் துணியிலேயே கண்டுவிடுகின்றனர். நோய் முற்றினால் இலையுறையிலும் தண்டிலும் கதிர்க்காம்பிலும்கூடக் கொப்புளங்கள் தோன்றும். பயிர் முதிரும்போது அதே இலைகளில் பழுப்புக் கொப்புளங்களுக்கு இடையே கருங்கொப்புளங்கள் தலைகாட்டுகின்றன. ஊசிமுனையால் அவற்றைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் லாக்டோபீனால் துளியில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு அறைகளும், தட்டையான தலையும், அடிநோக்கிக் குறுகும் உடலும் கொண்ட கரும்பழுப்பு நிற டீலியோ துகள்கள் தெரியும். கத்தரிக்குப் போகும் வழி இந்தக் கருங்கொப்புளத்தில்தான் தொடங்குகிறது.

கத்தரி இலையில் அதே பூசணம் வேறொரு நோய்போலத் தோற்றமளிக்கிறது. இலையின் மேற்பரப்பில் மஞ்சள் புள்ளிகள் உண்டாகி, அவற்றின் நடுவில் ஊசிமுனை அளவான நுண்குடுவைகள் அமைகின்றன. கைலென்ஸை வைத்துக் காலை ஒளியில் சாய்த்துப் பார்த்தால் அவற்றின் வாயில் மினுங்கும் தேன்துளிகளும், அவற்றை நாடி வரும் எறும்பும் சிறு ஈயும் தெரியும். இந்தத் துளிகள் எதற்காக என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது, கனடாவில் ஜே. எச். கிரெய்கி 1927-இல் செய்த ஆய்வுதான், ஒரு குடுவையின் துகளை இன்னொரு குடுவைக்குப் பூச்சிகள் கொண்டுசேர்ப்பதால் துருவின் பால்வழிச் சேர்க்கை நிகழ்கிறது என்பதை வெளிப்படுத்தியது. அந்தச் சேர்க்கை நடந்த பிறகே இலையின் அடிப்பக்கத்தில் ஏசியக் கிண்ணங்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. விளிம்பு கிழிந்து வெளிப்புறம் மடிந்த வெண்மஞ்சள் கிண்ணம், அதற்குள் நிறைந்த மஞ்சள் தூள், கிண்ணங்கள் கூடிய இடத்தில் தடித்துப் புடைத்த இலைத்திசு என இந்தக் கொத்தை ஒரு முறை நெருங்கிப் பார்த்தவர் மறக்கமாட்டார். சில வேளைகளில் இலைக்காம்பும் இளந்தண்டும் காயின் புல்லிவட்டமும் வீங்கிக் கோணலாகும். சுண்டை போன்ற அதே சோலானம் பேரினச் செடிகள் சிலவும் இந்தத் துருவுக்கு இடம் கொடுப்பதால், வேலியோரத்தையும் பார்க்காமல் ஆய்வு முழுமை பெறாது.

திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைகளுக்கு நெல்லிக்குப்பம், பாலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடிப் பக்கங்களிலிருந்து உழவர்கள் நோயுற்ற இலையைப் பறித்துக்கொண்டு வருவது வழக்கம். பெரும்பாலும் அந்த இலை நெகிழிப் பையில் வைத்துக் கட்டப்பட்டு, பேருந்தில் வரும் வழியிலேயே வேர்த்து, கசங்கி, கறுத்துப்போயிருக்கும். ஈரத்தில் ஏசியக் கிண்ணங்கள் குலைந்து, அதன்மேல் வேறு அழுகல் பூசணங்கள் படர்ந்துவிட்டால், கத்தரியின் துருவை செர்க்கோஸ்போரா இலைப்புள்ளியிலிருந்து பிரித்தறிவது அனுபவமுள்ளவருக்கும் கடினம். பழைய செய்தித்தாளின் மடிப்பில் இலையை விரித்து வைத்து, இன்னொரு மடிப்பில் அடிப்பக்கம் மேலே தெரியுமாறு வேறோர் இலையை வைத்துக் கொண்டுவந்தால் நோயைச் சொல்லிவிடலாம். இந்தச் சிறிய செய்தியை உழவர்களிடம் சேர்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆயினும் நோயறிதலின் தரத்தை இது எவ்வளவு உயர்த்தும் என்பதைத் தொழிலில் இருப்பவர்களே அறிவர்.

கத்தரியில் துரு என்று உறுதியானவுடன் உழவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "இதுக்கு என்ன மருந்து சார் அடிக்கணும்?" களப்பணியாளர் அதற்கு விடை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பக்கத்துக் கொல்லையில் என்ன பயிர் நிற்கிறது? கத்தரியின் ஏசியத் துகள் கத்தரியைத் தாக்காது. எனவே ஒரு கத்தரிச் செடியில் துரு இருப்பதைக் கண்டு அது தோட்டம் முழுவதும் செடிக்குச் செடி பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கத்தரி இலையில் புதிய புள்ளிகள் தோன்றிக்கொண்டே இருந்தால், அவற்றுக்குக் காரணமான பெசிடியோ துகள்கள் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அத்துகள்கள் வறட்சியைத் தாங்கா, தொலைதூரம் பயணம் செய்யா; ஆதலால் முதிர்ந்து கருங்கொப்புளம் பிடித்த கம்பு மிக அருகில் நிற்கிறது, அல்லது அறுத்த கம்பந்தட்டை அருகில் அடுக்கி வைக்கப்பட்டு நனைந்துகொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். இவ்வாறு ஊகித்து வரப்பைத் தாண்டிச் சென்று பார்த்தபோது ஊகம் மெய்யாகி நின்றதைப் போல, இத்தொழிலில் நிறைவளித்த வேறொன்றை இக்கட்டுரையாளர் அறிந்ததில்லை. அத்தகைய இடத்தில் தட்டையை மாட்டுக்குப் போட்டோ, தோட்டத்தைவிட்டுத் தொலைவில் நனையாமல் போராக அடுக்கியோ தீர்க்கக்கூடிய ஒன்றை மருந்தால் தீர்க்க முயல்வது வீண்செலவு. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை காய் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் பயிரில், கட்டாயமில்லாத தெளிப்பு ஒவ்வொன்றும் உண்பவரின் தட்டுக்கே போய்ச் சேருகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கு நேர்மாறான திசையில் எழும் கேள்விதான் அதிகச் சிக்கலானது. மாற்று ஓம்புயிர் பற்றிய செய்தி அரைகுறையாகப் பரவிய ஊர்களில், கம்பு பயிரிட்டவர் தம் கொல்லையில் விழுந்த துருவுக்குப் பக்கத்துக் கத்தரித் தோட்டக்காரரைக் குறைசொல்லி, செடிகளைப் பிடுங்கச் சொல்லும் நிலை உண்டாகிறது. ஆப்பிள் நாட்டுச் சட்டத்தின் தர்க்கம் சரியாக இங்கே வந்து நிற்கிறது. ஆனால் அது இந்த மண்ணில் தவறானது. ஜூனிபர்த் துருவுக்கு இல்லாத யுரிடோ நிலை கம்புத் துருவுக்கு உண்டு. கம்பில் உண்டான செம்பழுப்புத் துகள், கத்தரியின் தயவே இல்லாமல் அடுத்த கம்பைத் தாக்கி, வானிலை ஒத்துவந்தால் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் புதிய கொப்புளத்தை உண்டாக்கி, அதிலிருந்து மீண்டும் துகளைக் கிளப்புகிறது. தமிழ்நாட்டில் மானாவாரிக் கம்பு ஆடிப்பட்டத்திலும் புரட்டாசிப்பட்டத்திலும், இறவைக் கம்பு தை, மாசியிலும் சித்திரையிலும் விதைக்கப்படுவதால், ஆண்டின் எந்த மாதத்திலும் எங்கேனும் ஒரு கொல்லையில் பச்சைக் கம்பு நின்றுகொண்டே இருக்கிறது. இந்தப் பட்டங்களின் தொடர்ச்சியே துருவுக்குப் பாலமாக அமைகிறது. பென்னிசெட்டம் பேரினத்தைச் சேர்ந்த வேறு சில புற்களும் அதற்குத் துணைசெய்கின்றன. மாவட்டத்திலுள்ள கத்தரிச் செடிகளை எல்லாம் பிடுங்கினாலும் கம்புத் துரு அடுத்த புரட்டாசிப் பயிரில் தலைகாட்டாமல் இருக்காது என்பதே இதனால் பெறப்படும் முடிவு. காய்கறி விற்று அன்றாடச் செலவைப் பார்க்கும் சிறு உழவரின் தோட்டத்தை அழிக்கச் சொல்லும் அறிவுரைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. அதைக் கொடுப்பவர் உழவருக்குக் கேடே செய்கிறார்.

பாலூர் இங்கே தனியே நினைக்கப்பட வேண்டிய ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேளாண் ஆய்வுப் பண்ணை அமைந்த அவ்வூரில், இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே உருவாக்கப்பட்ட பி.எல்.ஆர் 1 கத்தரி, பளபளக்கும் ஊதா நிறத்தில் முட்டை வடிவக் காய்களைத் தருவது, மறுதாம்புக்கும் ஏற்றது. மறுதாம்பு என்பது முதல் காய்ப்பு ஓய்ந்த செடியைக் கவாத்துச் செய்து மீண்டும் துளிர்க்கவிட்டு இரண்டாம் காய்ப்பு எடுப்பது. இவ்வாறு நெடுநாள் நிறுத்தப்படும் கத்தரி, ஒரு கம்புப் பட்டத்தின் முடிவையும் அடுத்த பட்டத்தின் தொடக்கத்தையும் தொட்டு நிற்கிறது என்பதும், கவாத்துக்குப் பின் வரும் இளந்துளிர்களில் துரு எளிதில் பற்றுகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை. ஆகவே மறுதாம்பு எண்ணமுள்ளவர், புரட்டாசிக் கம்பு முதிரும் நாட்களைக் கணக்கிட்டு, கவாத்தை அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்வது பயன் தரும். கவாத்துச் செய்த கழிவை வரப்பில் போட்டுவைக்காமல் அப்புறப்படுத்துவதும் நல்லது.

அப்படியானால் இந்தப் பூசணத்துக்குக் கத்தரி எதற்காக? இக்கேள்விக்கான விடையை ஒரு கொல்லையின் எல்லைக்குள் நின்று காண முடியாது. கம்பில் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் துரு, தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு பெருகுகிறது. அதன் மரபுக்கூறுகள் பெரிதும் மாறுவதில்லை. கத்தரியின் இலைமேல் பிக்னியத் துளிகளுக்கு இடையே பூச்சி நடக்கும்போதுதான் இரண்டு வேறுபட்ட பெற்றோரின் மரபுக்கூறுகள் கலந்து, முன்பு இல்லாத சேர்க்கைகள் பிறக்கின்றன. அச்சேர்க்கைகளுள் ஏதேனும் ஒன்று, அதுவரை துருவை எதிர்த்து நின்ற கம்பு இரகத்தை வெல்லும் திறன் பெற்றதாக இருக்கலாம். நோய் நீடிப்பதற்குக் கத்தரி இன்றியமையாதது அன்று. நோய் தன் இயல்பை மாற்றிக்கொள்வதற்கு அது இடமளிக்கிறது. இந்த வேறுபாட்டை உழவரிடம் விளக்குவது எளிதன்று என்றாலும், ஆய்வாளரும் இரகம் உருவாக்குவோரும் இதைப் புறக்கணித்தால் அதன் விளைவு பின்னர் கொல்லையில்தான் வெளிப்படும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிடைத்த படிப்பினை இதற்குப் பொருந்திவருகிறது. தீவனத்துக்காகக் கம்பு பயிரிடும் அப்பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் இதே துரு பெருவாரியாகத் தோன்றித் தழையின் தரத்தைக் கெடுத்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கக் காட்டுக் கம்பிலிருந்து துருவை எதிர்க்கும் ஒற்றை மரபணுவைக் கண்டெடுத்துப் பயிர்க்கம்புக்கு மாற்றி, 1985-இல் அறிவித்தனர். பின்னர் அதே பகுதியில் நடந்த ஆய்வுகள், இந்தத் துருவுக்குள் ஒன்றுபோல் தோன்றினாலும் தாக்குதிறனில் வேறுபடும் வகைகள் பல இருப்பதைக் காட்டின. ஒற்றை மரபணுவை மட்டும் நம்பும் இரகம் எத்தனை நாள் நிற்கும் என்ற ஐயத்தை இது எழுப்புகிறது. இந்தியாவில் கம்பு ஆராய்ச்சியாளர்களின் கவனம் நெடுங்காலம் அடிச்சாம்பல் நோயின்மீதே இருந்தது. 1965-இல் வெளியான எச்.பி. 1 என்னும் முதல் வீரிய ஒட்டுக் கம்பு நாடெங்கும் பரவி, 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பலால் பேரழிவைச் சந்தித்ததே அதற்குக் காரணம், அக்கவனம் நியாயமானதும்கூட. எனினும் தேன் ஒழுகல், கரிப்பூட்டை, துரு ஆகியவை அந்தப் பெரிய நோயின் நிழலில் ஒதுங்கிப்போயின. துரு பெரும்பாலும் மணி பிடித்த பிறகே முற்றுவதால் தானிய இழப்புக் குறைவு என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாயிற்று. அக்கூற்று தானியத்தைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. ஆனால் பூப்பதற்கு முன்பே துரு பற்றினால் கதிரின் எடை நன்றாகவே குறையும். மேலும் கம்பந்தட்டையை நம்பி மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சருகாய்ப்போன இலை பேரிழப்பே. கம்பைக் கதிருக்காக மட்டும் எடைபோடும் கணக்கு, அதைப் பயிரிடுவோரின் கணக்கு அன்று.

விருத்தாசலம் வட்டாரத்துக் கொல்லைகளில் கம்புக்கு அடுத்து நிற்கும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் துரு, இன்னொரு விதத்தில் ஒப்புநோக்கத் தக்கது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அத்துரு, இந்தியாவில் 1969-இல் பஞ்சாபில் காணப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் தென்மாநிலங்களில் ஊன்றிவிட்டது. அதற்கு மாற்று ஓம்புயிர் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அது ஏறத்தாழ முற்றிலும் யுரிடோ துகளாலேயே வாழ்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகக் கிளம்பி, டிக்கா இலைப்புள்ளியோடு சேர்ந்து தாக்கும்போது விளைச்சலில் பாதிக்கும் மேல் பறித்துக்கொள்கிறது. டிக்கா பிடித்த இலை உதிர்ந்துவிடும், துரு பிடித்த இலை காய்ந்தும் செடியிலேயே தொங்கும் என்னும் வேறுபாட்டைக் கொண்டு தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். அறுவடைக்குப் பின் நிலத்தில் சிதறிய காய்களிலிருந்து தானாக முளைத்துவரும் செடிகளை அகற்றுவதே அதற்கு முதல் மருத்துவம். ஒரே வட்டாரத்தில், ஒரே பெயரால் அழைக்கப்படும் இரண்டு நோய்களுக்கு இரண்டு வெவ்வேறு அறிவுரைகள் தேவைப்படுகின்றன. துரு என்ற சொல்லைக் கேட்டவுடன் மருந்துச் சீட்டு எழுதுவது இதனாலேயே பிழையாகிறது.

கம்பில் துருவைத் தவிர்ப்பதற்குரிய முதல் வழி பட்டத்தைத் தெரிந்தெடுப்பதே. குளிர்ந்த வானிலையும், வடகிழக்குப் பருவமழை இலையில் விட்டுச்செல்லும் ஈரமும், அதைத் தொடரும் மார்கழிப் பனியும் துருவுக்கு மிக உகந்தவை. புரட்டாசியில் விதைத்த பயிர் இவை அனைத்தையும் தன் முதிர்ச்சிப் பருவத்தில் சந்திக்கிறது. டிசம்பர் முதல் மே வரையான காலத்தில் விதைக்கப்படும் இறவைப் பயிரில் நோயின் கடுமை குறைவு. மானாவாரியை விட்டு நகர முடியாதவர்கள், நோய் தென்பட்டவுடன் எக்டேருக்கு 1 கிலோ மேங்கோசெப் அல்லது 2.5 கிலோ நனையும் கந்தகம் தெளித்து, தேவைப்பட்டால் பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு முறை தெளிக்கலாம் என்பது பரிந்துரை. பூப்பதற்கு முன் அடி இலைகளில் கொப்புளம் பரவலாக இருந்தால்தான் இச்செலவு ஈடாகும். மணி முற்றிய பின் தெளிப்பதால் கதிருக்கு நன்மையில்லை, தீவனமாகும் தட்டையில் மருந்து தங்குவதே மிச்சம்.

இந்த மாவட்டத்துக்கு இப்போது மிகவும் வேண்டியிருப்பது, கத்தரியில் ஏசியம் எந்த மாதத்தில், எந்த ஊரில், எந்தக் கம்பு இரகத்தின் அருகில் தோன்றுகிறது என்பதன் தொடர்ந்த பதிவு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தில் பயிலும் மாணவர்களும், பாலூர், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்களைச் சார்ந்து பணியாற்றுவோரும், பயிர்மருந்துக் கடைக்கு வரும் உழவர்களும் இதில் பங்கேற்க இயலும். கார்த்திகை முதல் தை வரை வாரம் ஒரு முறை, கம்புக்கொல்லையை ஒட்டிய கத்தரி வரிசையில் இலையைத் திருப்பிப் பார்த்து, நோயிருந்தால் கத்தரி இலையையும் அதற்கு மிக அருகிலுள்ள கம்பின் கருங்கொப்புளம் பிடித்த இலையையும் சேர்த்துத் தாள்மடிப்பில் உலர்த்தி, ஊர், நாள், இரு பயிர்களின் இரகம், இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். மை ஈரத்தில் பரவிவிடும் என்பதால் பென்சிலே ஏற்றது. கிண்ணங்கள் இல்லாத வாரத்தையும் இல்லை என்றே எழுதிவைக்க வேண்டும். அவ்வாறு எழுதப்படாத வாரம், பார்க்கப்படாத வாரத்தோடு கலந்துவிடும்.